வயிற்றைச் சுற்றிப் போடும் ஊசி

கோத்தகிரி,
4.2.1972

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் பாக்கியம் எழுதுவது.

நாங்கள் மூன்று பேரும் நல்லபடியாக வந்து சேர்ந்து, நல்லபடியாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கப்பல் இறங்கி மண்டபம் முகாமில் இருந்த நாட்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. இப்போது நீலகிரி மலையில் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெயர் பதிந்திருக்கிறார்கள். எனக்கும் வேலை, தவமணியின் அப்பாவுக்கும் வேலை. வீடு ஓர் அறைதான். குளிர் நம்ம ஊத்துமலையை விடக் கொஞ்சம் கூட. இதுவும் மலை, இதுவும் தேயிலை. ஆனால் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையில் நீ இல்லை அக்கா. பழக்கத்தில் திரும்பிப் பேச வாயெடுக்கிறேன். யாரோ ஒரு பெண் என்னைப் பார்க்கிறாள்.

உங்களுக்கு அங்கே பிரஜாவுரிமை கிடைத்து எங்களுக்குக் கிடைக்காமல் போனதை நினைத்து அழக் கூடாது என்று நீதானே சொல்லி அனுப்பினாய். நான் அழவில்லை. தவமணிதான் அழுகிறாள், அதுவும் நாய் டைகருக்காக. நாங்கள் ஏறிய லொறிக்குப் பின்னால் அது கொஸ்லந்தை ரோட்டு முடக்கு வரைக்கும் ஓடி வந்ததை அவள் மறக்கவில்லை. டைகருக்குச் சோறு வைக்கிறீர்களா, ராத்திரியில் எங்கே படுக்கிறது என்று எழுதும்படி சொல்கிறாள். கட்டாயம் எழுது.

மச்சானுக்கு எங்கள் வணக்கம்.

உன் தங்கை
பாக்கியலெட்சுமி


ஊத்துமலைத் தோட்டம்,
கொஸ்லந்த,
26.2.1972

என் பாக்கியத்துக்கு,

கடிதம் கிடைத்தது. மச்சான் வாசிக்க, நான் கேட்டேன். பிறகு நானே இரண்டு தரம் வாசித்தேன். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. எனக்குத்தான் கொஞ்ச நாளாக அசதி. வேறு ஒன்றும் இல்லை.

தவமணிக்குச் சொல். டைகர் முதல் மூன்று நாள் ஒன்றும் தின்னவில்லை. உங்கள் வீட்டுப் பூட்டிய கதவுக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டது. நான் கையில் சோற்றை உருட்டி வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது, கோபக்கார மாமியார் மாதிரி. நாலாம் நாள் தின்றது. இப்போது நம் வீட்டு வாசல் இஸ்தோப்பில் சாக்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன், அங்கேதான் படுக்கை.

உங்களுக்குப் பிறகு இன்னும் பல குடும்பங்கள் போய்விட்டன. லயத்து வீடுகளில் பாதிக் கதவுகள் பூட்டு. மனிதர் போனாலும் நாய்கள் போகவில்லை. ஒவ்வொரு பூட்டிய கதவுக்கு முன்னாலும் ஒன்று படுத்திருக்கிறது. பசியில் கூட்டமாகத் திரிகின்றன. முந்தாநாள் எங்கிருந்தோ ஒரு செவலை நாய் வந்து டைகரோடு சண்டை போட்டுக் காதைக் கிழித்துவிட்டது. மஞ்சள் அரைத்துப் பூசினேன். தவமணியிடம் காது விஷயத்தைச் சொல்லாதே.

பொன்னையா மாப்பிள்ளைக்குச் சளித் தொல்லை இருக்கும். குளிர் நாட்டில் தலையில் துண்டு இல்லாமல் வெளியே விடாதே.

அக்கா
இராக்கம்மா


கோத்தகிரி,
15.3.1972

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தவமணியின் அப்பா இப்போது தலைத் துண்டு இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

அசதி என்று எழுதியிருக்கிறாய். அசதி என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. காய்ச்சலோடு மலைக்குப் போகிற ஆள் நீ. டிஸ்பென்சரிக்குப் போய்க் காட்டினாயா?

தவமணி பள்ளிக்கூடம் போகிறாள். கீழே அவள் கையால் எழுதியிருக்கிறாள்.

பாக்கியம்

பெரியம்மா, டைகர் என்னை மறந்திருக்குமா? என் பழைய பாவாடை உங்களிடம் இருந்தால் அதற்கு மோந்து பார்க்கக் கொடுங்கள். தவமணி.


ஊத்துமலை,
2.4.1972

அன்பான பாக்கியத்துக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் எல்லோரும் நல்லாயிருக்க மாரியம்மன் துணை.

எழுத்து கோணலாக இருக்கும். வலது கையில் முள் கீறிவிட்டது, அதனால்தான். இப்போது ஆறிவிட்டது.

மழை தொடங்கவில்லை. கொழுந்து குறைவு. போன வாரம் மச்சானும் நானும் பெரகலை வரை ஒரு வேலையாகப் போய் வந்தோம்.

டைகர் காட்டுப் பக்கம் போனது, வரவில்லை. வேறு தோட்டத்தில் யாராவது பிடித்துக் கட்டியிருப்பார்கள். தவமணி கேட்டால் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவை. குழந்தை மனம் கஷ்டப்பட வேண்டாம்.

அசதியைப் பற்றிக் கேட்டிருந்தாய். தேத்தண்ணி வாசனையே பிடிக்கவில்லை. பச்சைத் தண்ணீர் குடித்தாலும் குமட்டுகிறது. வெயிலாக இருக்கும்.

இராக்கம்மா


கோத்தகிரி,
14.4.1972

அக்காவுக்கு,

வருஷப் பிறப்பு அன்று உனக்கு இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. நாங்கள் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகக் கேட்கிறேன்.

நம் லயத்துக் கடைசி வீட்டுக் கறுப்பாயி குடும்பம் நேற்று இங்கே வந்து இறங்கியது. அழுது, கட்டிப்பிடித்து, தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தேன். தவமணி ஓடி வந்து, “டைகர் நல்லாருக்கா?” என்று கேட்டாள்.

கறுப்பாயி, “டைகரா? அது வெறி புடிச்சுல்ல போச்சு! காவக்காரரு பெரட்டுக் களத்துக்கிட்ட வச்சு சுட்டாரு. ஒங்களுக்கு எழுதலையா?” என்றாள்.

தவமணி உள்ளே போனாள். நான் கறுப்பாயியை விடவில்லை. “யாரையாச்சும் கடிச்சுச்சா?” என்று கேட்டேன்.

“மேட்டு லயத்துக் கந்தப்பனக் கெண்டக்கால்ல கடிச்சுச்சு. அவரு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்கிட்டாரு. ஒங்க அக்கா கையிலயும் கட்டுப் போட்டிருந்துச்சு. நாங் கேட்டேன். முள்ளு கீறிருச்சுன்னு சொன்னுச்சு.”

அக்கா, காட்டுக்குப் போனது என்று எனக்கு எழுதினாய். அதைத் தவமணிக்காக எழுதினாய் என்று புரிந்துகொள்கிறேன். முள் என்று எழுதியது யாருக்காக? பெரகலைக்குப் போன வேலை என்ன? தண்ணீர் குடித்தால் குமட்டுகிறது என்கிறாயே, அந்த வரியையே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

தந்தி அடிக்கலாம் என்று புறப்பட்டேன். ஒன்றும் இல்லாமல் இருந்து தந்தியைப் பார்த்து நீ பயந்துவிடுவாயோ என்று திரும்பி வந்துவிட்டேன். உன் கையில் இருந்தது முள்ளா, பல்லா? அது ஒன்றை மட்டும் எழுது.

பாக்கியம்


கோத்தகிரி,
17.4.1972

மதிப்புக்குரிய மச்சானுக்குப் பாக்கியம் வணக்கத்துடன் எழுதுவது.

இந்தக் கடிதம் அக்கா கைக்குப் போகக் கூடாது என்றுதான், நீங்கள் சாமான் வாங்கும் ஸலீம் நானாவின் கொஸ்லந்தைக் கடைக்கு அனுப்புகிறேன்.

குன்னூரில் நாய்க்கடி மருந்து செய்கிற பெரிய நிலையம் இருக்கிறது. இங்கிருந்து பஸ்ஸில் போகலாம். இன்று வேலைக்குப் போகாமல் அங்கே போனேன். நாய்க்கடிக்கு ஊசி போடும் இடத்தில் ஒரு நர்ஸம்மா இருந்தார். என் அக்காவை நாய் கடித்திருக்கும் போல, ஊர் சிலோன் என்று சொன்னேன்.

“நாய் உசிரோட இருக்கா?”

“இல்லீங்க. வெறி புடிச்சுச் சுட்டுட்டாங்க.”

“கடிச்ச எடத்தச் சோப்புப் போட்டு நல்லாக் கழுவுனாங்களா?”

“தெரியலீங்க.”

“ஊசி?”

“தெரியலீங்க.”

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “புண்ணு ஆறிடுச்சுன்னு நெனச்சு யாரும் சும்மா இருந்துடக் கூடாதும்மா. அந்த விஷம் நரம்பு வழியா மெதுவா ஏறும். ஒரு மாசமும் ஆகும், பல மாசமும் ஆகும். நோய் தலைக்கு வந்துட்டா எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. வர்றதுக்கு முன்னாடி எப்பப் போனாலும் ஊசி போடலாம். இன்னைக்கே போகச் சொல்லுங்க” என்றார்.

மச்சான், உங்களிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை. அக்காவை நாய் கடித்ததா? கடித்தால் ஏன் இன்னும் பதுளைக்குக் கொண்டு போகவில்லை?

பாக்கியலெட்சுமி


கொஸ்லந்த,
29.4.1972

அன்புள்ள கொழுந்தியா பாக்கியத்துக்கு முருகையா எழுதுவது. மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

ஸலீம் நானா கடிதத்தைக் கொடுத்தார். கடைக்குப் பின்னால் நின்று வாசித்தேன். இதை அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு எழுத வராது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மார்ச் நடுவில் டைகர் தின்னாமல் கிடந்தது. வாயிலிருந்து எச்சில் வடிந்தது. தண்ணீர் வைத்தால் வாயை வைக்கும், விழுங்காது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று உன் அக்கா நினைத்தாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். அவள் அதன் வாயைத் திறந்து உள்ளே கையை விட்டிருக்கிறாள். எலும்பு ஒன்றும் இல்லை. கட்டை விரலுக்குக் கீழே இரண்டு பல் இறங்கிவிட்டது. மறுநாள்தான் அது சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிக் கந்தப்பனைக் கடித்தது.

கந்தப்பனைத் தோட்டத்து லொறியில் பதுளைக்கு ஏற்றினார்கள். நீயும் ஏறு என்றேன். ஏறவில்லை. பெரகலைக்குப் பக்கத்தில் விஷக்கல் வைக்கிற பரியாரி ஒருவர் இருக்கிறார். அங்கே கூட்டிப் போகச் சொன்னாள். போனோம். கல் புண்ணில் ஒட்டியது, பிறகு தானாக விழுந்தது. விஷம் இறங்கிவிட்டது என்று சொன்னார். அவள் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஏன் ஏறவில்லை என்று கேட்பாய். உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். சத்தியத்தை மீறி எழுதுகிறேன். அவள் முழுகாமல் இருக்கிறாள். இப்போது நாலாவது மாதம் ஓடுகிறது. அசதியும் குமட்டலும் அதுதான். மூன்று முறை கலைந்தது உனக்குத் தெரியும். இந்த முறை தங்கும் வரை வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது, உனக்குக்கூடச் சொல்லக் கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்று இருந்தாள்.

நாய்க்கடி ஊசியை வயிற்றில் போடுகிறார்கள், தொப்புளைச் சுற்றி, நாள் தவறாமல். அது அவளுக்கு முன்பே தெரியும். பிறகு கந்தப்பன் வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினான். வயிறெல்லாம் கட்டி கட்டியாகத் தடித்திருந்தது. லயத்துப் பொம்பளைகள் பார்த்துவிட்டு, “புள்ளத்தாச்சிக்கு இதப் போட்டா புள்ளை எப்புடித் தங்கும்?” என்று சொன்னார்கள். அன்றைக்கு அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

நான் கெஞ்சினேன், சத்தம் போட்டேன். “எனக்கு வந்தா வரட்டும். புள்ளை தங்கட்டும். என் வயித்துல ஒருத்தனும் குத்தக் கூடாது” என்கிறாள். தூங்கும்போதும் கையை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

நான் சொன்னால் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பாள். எதையாவது சொல் பாக்கியம்.

முருகையா


கோத்தகிரி,
9.5.1972

என் அக்காவுக்கு,

இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் என் தந்தி வந்திருக்கும். இன்று காலை கொடுத்தேன். ஊசி போடு, பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்று எழுதச் சொன்னேன். தந்திக்குள் அவ்வளவுதான் அடங்கும். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

மச்சானைக் கோபிக்காதே. நான்தான் கேட்டேன்.

நேற்று மச்சான் கடிதம் கிடைத்ததும் குன்னூருக்கு மறுபடி போனேன். அந்த நர்ஸம்மா என்னை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். வயதானவர், கண்ணாடி போட்டவர். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று முறை கலைந்ததையும் சொன்னேன். அவர், “கர்ப்பிணிங்களுக்கும் நாங்க போடுறோம்மா. ஊசி தோலுக்குக் கீழதான் போகுது. புள்ளை இருக்குற எடம் உள்ளுக்குள்ள. ஊசி அது வரைக்கும் எட்டாது” என்றார்.

“ஒண்ணும் ஆகாதுன்னு உறுதியாச் சொல்லுங்கம்மா, அக்காவுக்கு எழுதணும்” என்றேன்.

“சில பேருக்கு அந்த மருந்தாலயே தொந்தரவு வரும். ரொம்ப அபூர்வம். வரவே வராதுன்னு நான் சொன்னா பொய். ஆனா வெறிநோய் வந்துட்டா தாயும் இல்ல, புள்ளையும் இல்ல. அதுல மட்டும் சந்தேகமே கெடையாது. இதையும் எழுதுங்க” என்றார்.

அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு எழுத எளிதாக இருந்திருக்கும். உள்ளதைச் சொன்னதால்தான் அவரை நம்புகிறேன். நீயும் நம்பு.

மூன்று முறையும் நீ துணியில் சுற்றிக் கொடுத்ததைக் கையில் வாங்கினவள் நான். ஆற்றோரம் வரைக்கும் மச்சானோடு நடந்து போனவள் நான். உனக்கு இந்தப் பிள்ளை என்ன என்று தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதே.

அம்மா சாகும்போது எனக்கு நாலு வயது. முகம்கூட ஞாபகம் இல்லை. அம்மா இல்லாத பிள்ளை என்று யாராவது என்னைச் சொன்னால் எனக்கு அது விளங்கவே விளங்காது, ஏனென்றால் நீ இருந்தாய். எனக்குத் தலை வாரினாய். காய்ச்சல் வந்தால் முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாய். உன் பிள்ளை பிறந்து, நீ இல்லை என்றால் யார் செய்வார்கள்? எனக்கு அக்கா இருந்தாள். உன் பிள்ளைக்கு அக்கா இல்லை.

நோய் உனக்குப் பிரசவத்துக்கு முன்னால் வந்தால் பிள்ளையும் உன்னோடு போகும். பின்னால் வந்தால் பிள்ளை தனியாக நிற்கும். எதற்காக ஊசி வேண்டாம் என்கிறாயோ, அதற்காகத்தான் போடச் சொல்கிறேன்.

கடல் நடுவில் இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். பதுளைக்குப் போ அக்கா.

உன்
பாக்கியம்


கோத்தகிரி,
6.6.1972

அக்காவுக்கும் மச்சானுக்கும்,

தந்தி கொடுத்து நாலு வாரம் ஆகிறது. ஒரு வரி இல்லை. இங்கே தபால்காரர் கீழே ரோட்டில் வரும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கிறார்.

தவமணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நோய் வந்த நாய் யார் என்று பார்த்துக் கடிப்பதில்லை, அது டைகரின் குற்றம் இல்லை, பெரியம்மாவின் குற்றமும் இல்லை என்று சொன்னேன். “பெரியம்மா நல்லாருக்காங்களா?” என்று கேட்டாள். இன்னும் கடிதம் வரவில்லை என்று சொன்னேன்.

யாராவது எழுதுங்கள். கெட்ட செய்தி என்றாலும் எழுதுங்கள்.

பாக்கியம்


ஊத்துமலை,
11.6.1972

என் தங்கச்சிக்கு,

உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் எழுது, சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு என்று மச்சான் பக்கத்தில் நின்று சொல்கிறார்.

உன் தந்தி வந்த அன்று நான் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையோடு நின்றேன். ஆபீஸ் கிளாக்கர் ஐயா தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தந்தி என்றதும் பெண்கள் எல்லோரும் அழுவதற்குத் தயாராகிவிட்டார்கள். அவர் இங்கிலீசில் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னார். ஊசி, பிள்ளை, இரண்டையும் அத்தனை பேருக்கு முன்னால் சத்தமாகச் சொன்னார். நான் இத்தனை மாதம் மூடி வைத்திருந்தது நிறுவைக் களத்தில் தராசுத் தட்டுக்கு முன்னால் கொட்டிப்போயிற்று. உன் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து மச்சானோடும் பேசவில்லை.

அப்போதும் நான் போகவில்லை பாக்கியம். தந்தியில் எதையும் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். கடிதம் வந்த பிறகுதான் போனேன். “உன் பிள்ளைக்கு அக்கா இல்லை” என்ற இடத்தில் மச்சான் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நான் எழுந்து சேலை மாற்றினேன்.

டிஸ்பென்சரியில் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு, பெரகலை, அப்புத்தளை, பண்டாரவளை என்று பஸ் மாறிப் பதுளைக்குப் போனோம். ஆஸ்பத்திரி டாக்டர் சின்னப் பையன், சிங்களவர். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸி பக்கத்தில் நின்று சொன்னார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று டாக்டர் கேட்டார். நான் வயிற்றைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. கையில் இருந்த தழும்பைத் தடவிப் பார்த்தார். குன்னூர் டாக்டரம்மா உனக்குச் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். “பிந்தித்தான் வந்திருக்கிறீங்க. ஆனா வந்திட்டீங்க” என்று மிஸ்ஸி சொன்னார்.

தினமும் போய் வர முடியாது. எங்கே தங்குவது என்று வாசலில் நின்றோம். ஊசிக்கு நின்றவர்களில் ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். லரீபா என்று பெயர். தெருப் பூனை அவர் காலைக் கடித்துவிட்டதாம். அவர் புருஷன் ஹுமைத் முதலாளி பதுளை பஸாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். “தங்கச்சி, நீங்க எங்க தங்கி ஈக்கிறீங்க?” என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். “எங்கட கடைக்குப் பின்னால ஒரு அறை சும்மா ஈக்கிது. புள்ளத்தாச்சிய ரோட்டுல உட்டுட்டு நான் வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்குமா?” என்றார்.

மச்சான் வேலைக்குத் திரும்பினார். நான் லரீபா அம்மாவோடு இருந்தேன். தினமும் காலையில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவர் என்னை விடப் பயந்தவர். ஊசியைப் பார்த்தால் “யா அல்லாஹ்” என்று கண்ணை மூடிக்கொள்வார். அவர் கையை நான்தான் பிடிக்க வேண்டும். அதனால் என் பயத்தை வெளியே காட்ட முடியாமல் போயிற்று.

முதல் ஊசி போட்ட அன்று இரவு ஒரு நிமிஷம் தூங்கவில்லை. வயிறு தடித்து நெருப்பாக எரிந்தது. வலி வருமோ, இரத்தம் வருமோ என்று கிடந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். ஊசி முடிவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, கட்டிலில் படுத்திருக்கிறேன், மிஸ்ஸி வயிற்றைத் துடைக்கிறார், அப்போது உள்ளே ஏதோ அசைந்தது. சின்ன மீன் புரண்ட மாதிரி. மூன்று தடவையும் நான் இந்தக் கட்டத்துக்கு வந்ததே இல்லை. நான் “ஐயோ” என்று கத்த, இன்னும் குத்தவே இல்லையே என்று மிஸ்ஸி பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் லரீபா அம்மா ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதார்.

ஊசி எல்லாம் முடிந்து முந்தாநாள் வீட்டுக்கு வந்தேன். இனிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். மாதக் கணக்கில் என்றார்.

இத்தனை நாள் எழுதாமல் உன்னைத் தவிக்க விட்டேன். எழுதினால் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். மச்சானையும் எழுத விடவில்லை.

தோட்டத்தில் அனாதையாகத் திரிந்த நாய்களை எல்லாம் தொரை சுடச் சொல்லிவிட்டார். இப்போது பூட்டிய கதவுகளுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. நல்லதுதான். ஆனாலும் நடந்து போகும்போது அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

அக்கா


கோத்தகிரி,
28.6.1972

அக்காவுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு குன்னூருக்குப் போய் நர்ஸம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார். லரீபா அம்மாவுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? நீ பதுளைப் பக்கம் போனால் என் பேரைச் சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொள்.

இனி நீ எதையும் மறைக்காதே. நானும் மறைக்க மாட்டேன். இங்கே வந்த நாளிலிருந்து நான் அழவே இல்லை என்று எழுதினேனே, அது பொய். தினமும் அழுதேன். இப்போது குறைந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். கனத்தைத் தூக்காதே. மாதம் நெருங்கும்போது எழுது.

பாக்கியம்


ஊத்துமலை,
3.11.1972

பாக்கியத்துக்கும் மாப்பிள்ளைக்கும் தவமணிக்கும்,

பிள்ளை பிறந்தது என்று மச்சான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். பெண் பிள்ளை. தோட்டத்து மருத்துவச்சிதான் பார்த்தார். கறுப்பு. தலை நிறைய முடி. மச்சானின் மூக்கு, பாவம். பேர் இன்னும் வைக்கவில்லை. லரீபா அம்மா கடைத் துணியில் தானே தைத்த சட்டைகளோடு பஸ் ஏறி வந்து ஒரு பகல் முழுக்க மடியில் வைத்திருந்துவிட்டுப் போனார்.

எதையும் மறைக்காதே என்று நீ சொன்னதால் இதை எழுதுகிறேன்.

பதுளையிலிருந்து வந்த மறுநாள் காலையில் எழுந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டுப் பார்த்தால் மச்சான் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் நின்றார். மழை பெய்தாலும், காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு நேரமானாலும், நான் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் வேலைக்குப் புறப்பட மாட்டார். சாப்பாட்டுப் பையைத் தேடுகிற மாதிரி நிற்பார், மண்வெட்டியைத் துடைக்கிற மாதிரி நிற்பார். தண்ணீரைக் கண்டு மிரள்வதுதான் அந்த நோய்க்கு அடையாளம் என்று ஆஸ்பத்திரியில் அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் சொல்லியிருந்தார்கள். நான் அவருக்குத் தெரியட்டும் என்று செம்பை உயரத் தூக்கி, தொண்டை அசைய, மெதுவாகக் குடிப்பேன். கடைசிச் சொட்டு வரைக்கும். வேண்டாத நாளிலும் குடிப்பேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டுப் போவார். இத்தனை மாதமும் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நேற்றுக் காலையில் நான் எழுந்து செம்பை எடுத்தேன். வழக்கம் போல அவருக்காகக் கதவைப் பார்த்தேன். அங்கே ஆள் இல்லை. பிள்ளை படுத்திருந்த சாக்குத் தொட்டிலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, அது கொட்டாவி விடுவதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு தடவை இருமினேன். திரும்பவே இல்லை.

எனக்கு நிஜமாகவே தாகமாக இருந்தது. குடித்தேன்.

அக்கா
இராக்கம்மா